கேட்புக்குக் கட்டணம் வாங்கும் ஏலத் தளங்களில் உண்மையான செலவைக் கணக்கிடுவது எப்படி?

வழக்கமான ஏலத்தில் தோற்றவருக்குச் செலவில்லை. ஆனால் ஒவ்வொரு கேட்புக்கும் (அதாவது, ஒருவர் ஏலம் கேட்கும் ஒவ்வொரு முறைக்கும்) கட்டணம் வாங்கும் இணைய ஏலத்தில், பொருள் கைக்கு வராதவரும் பணத்தை இழந்துவிட்டுத்தான் வெளியேறுகிறார். ஒரு கேட்புக்குக் கட்டணம் 60 சென்ட் என்றும், அது விலையை 1 சென்ட் மட்டுமே உயர்த்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியத்தில் தொடங்கி 50 டாலரில் முடிந்த ஏலத்தில் 5,000 கேட்புகள் விழுந்திருக்கும். அதாவது, கட்டணமாக மட்டும் தளத்துக்கு 3,000 டாலர் சேர்ந்திருக்கும். வெறுங்கையோடு திரும்பியவர்களின் பணமும் அதில் அடக்கம் என்பதுதான் வேதனை.

கடைசி நொடிகளில் யாராவது கேட்டதும் கடிகாரம் மீண்டும் நீள்வதால், 'இன்னும் ஒரே ஒரு முறை' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப எழும். தானியங்கிக் கேட்பை இயக்கிவிட்டாலோ, நீங்கள் பார்க்காதபோதும் பணம் கரையும்.

எனவே கேட்புக் கட்டணம், இறுதி விலை, அனுப்பும் செலவு, வரி ஆகியவற்றைக் கூட்டி, அதே பொருளின் கடை விலையோடு ஒப்பிட்டு, உங்கள் உச்சவரம்பைத் தாளில் எழுதிவைத்த பிறகே தொடங்குங்கள். கேட்புகளைத் தொகுப்பாக வாங்க வேண்டியிருந்தால், மிஞ்சியவை காலாவதியாகுமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை விதிமுறைகளில் படித்தறியுங்கள். செலவழித்த கட்டணத்தைக் கழித்துக்கொண்டு பொருளை நேரடியாக விற்கும் வசதி இருந்தால், அங்கே குறித்துள்ள விலை சந்தை விலையைவிட உயர்ந்ததா என்றும் பாருங்கள்.