காபிதான் குற்றவாளி

பெருங்குடலின் வலப்பக்கத்தை வெட்டியெடுத்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், நாளைக்கு 8 தடவை கழிவறைக்கு ஓடினேன். தண்ணீரை உறிஞ்சும் குடல் குறைந்துவிட்டதே, போகத்தானே செய்யும்! பழைய டைரியில் சாப்பிட்டதையும் போன நேரத்தையும் எழுதிவந்தேன். 4 நாளில் குற்றவாளி சிக்கியது: காலை ஃபில்டர் காபி. குடித்த 20 நிமிடத்தில் வயிறு கடமுடவென்று உருளும். மனசில்லாமல்தான் விட்டேன். டாக்டர் சொன்னபடி கீரை, கொண்டைக்கடலையையும் ஒன்றரை மாதம் தள்ளிவைத்தேன். குழைந்த சாதத்தில் தயிர் விட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, கையால் நன்றாக மசித்து, 3 வேளைச் சாப்பாட்டை 6 ஆகப் பிரித்துக்கொண்டேன். சாப்பிடும்போது ஒரு வாய்த் தண்ணீர், சரி. மீதி எல்லாம் இடையிடையே. அப்புறம் மெல்ல 3 தடவைக்கு இறங்கியது. இப்போது சாயங்காலம் அரை டம்ளர் காபி உண்டு, டிகாக்‌ஷன் குறைவாக.