ஓடும் கெர்னலிலிருந்து மெமரியைக் கழற்றும்போது எங்கே தவறுகிறோம்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கால்வாயில் தூர்வார ஆள் இறங்கும் முன்னால் மதகை அடைப்பார்கள். அடைத்த கையோடு யாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குதிப்பதில்லை. மதகு அடைந்தால் புதுத் தண்ணீர் வராது, அவ்வளவுதான். உள்ளே நிற்பது வடிய நேரமாகும், சில பள்ளங்களில் வடியவே வடியாது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், மெமரியைக் கழற்றுவதும் இதே வரிசைதான். முதலில் அந்தப் பகுதியில் புதிதாக யாருக்கும் பேஜ் (கெர்னல் மெமரியைப் பங்கிடும் சிறு துண்டு) கொடுக்காமல் தனிமைப்படுத்த வேண்டும், அப்புறம் உள்ளே இருக்கும் பேஜ்களை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும், எல்லாம் காலியான பிறகுதான் சாதனத்தை எடுக்கலாம். வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிற தம்பிகள் சிலர் இப்போது டிரைவர் (சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல்) எழுதுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த வரிசையை மறந்ததால் வந்தவை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தவறு இருக்கிறது: கழற்றுவதை ஒரு கட்டளை என்று நினைப்பது. அது ஒரு கோரிக்கை, கெர்னல் மறுக்கலாம். கெர்னல் மெமரியை பிளாக் பிளாக்காகத்தான் சேர்க்கும், நீக்கும். ஒரு பிளாக்கின் நிலையைக் காட்டும் ஸ்டேட் கோப்பில் ஆஃப்லைன் (பயன்பாட்டிலிருந்து விலக்கு) என்று எழுதிவிட்டு, என்ன பதில் வந்தது என்று பார்க்காமலே அடுத்த வரிக்குப் போகும் ஸ்கிரிப்டை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அதே இடத்தில் ரிமூவபிள் என்று இன்னொரு கோப்பு இருக்கும், அதில் 1 என்று இருந்தால் இந்த பிளாக்கைக் கழற்றலாம் என்று நம்பிவிடுகிறார்கள். புதிய கெர்னல்களில் அந்த 1, ஆஃப்லைன் செய்யும் வசதி கெர்னலில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், இந்த பிளாக் காலியாகுமா என்பதை அது சொல்லாது.

சரி, ஏன் மறுக்கிறது? எக்ஸ்86 64 பிட் இயந்திரத்தில் ஒரு பிளாக் வழக்கமாக 128 எம்பி, 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பெரிய இயந்திரங்களில் 2 ஜிபி வரை போகும். ஒரு புரோகிராமின் பேஜை நகர்த்துவது எளிது, பேஜ் டேபிள் என்ற முகவரி அட்டவணையில் முகவரியை மாற்றினால் அந்தப் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் தன் சொந்தத் தரவுகளை வைக்க எடுத்துக்கொண்ட ஸ்லாப் என்ற மெமரி அப்படியில்லை, அதன் முகவரியைக் கெர்னலுக்குள் எத்தனையோ பாயின்டர்கள் நேரடியாகப் பிடித்துவைத்திருக்கின்றன, எவை எவை என்று யாரிடமும் பட்டியல் கிடையாது. அப்படி ஒரே ஒரு பேஜ் உள்ளே இருந்தாலும் போதும், முழு பிளாக்கும் நகராது. அதனால் கழற்றப்போகிறோமா என்பதைப் பொருத்தும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். பிளாக்கை ஆன்லைனுக்கு, அதாவது பயன்பாட்டுக்கு, கொண்டுவரும்போதே நகர்த்தக்கூடிய பேஜ்களுக்கான மூவபிள் ஜோனில் சேர்த்தால், நகர்த்த முடியாத கெர்னல் ஒதுக்கீடுகள் அதற்குள் போகாது. சாதாரணமாக ஆன்லைன் செய்து ஆறு மாதம் ஓடவிட்டு, பிறகு கழற்ற வேண்டும் என்று வந்தால் பெரும்பாலும் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

அதற்காக எல்லா மெமரியையும் மூவபிளில் தள்ளிவிடவும் கூடாது. பேஜ் டேபிளும் ஸ்லாபும் மற்ற ஜோனிலிருந்துதான் வர வேண்டும், அது தீர்ந்தால் பல ஜிபி காலியாகக் கிடக்கும்போதே இயந்திரம் மெமரி இல்லை என்று புரோகிராம்களைக் கொல்ல ஆரம்பிக்கும். மூவபிள் 3 பங்கு, கெர்னல் 1 பங்கு என்ற அளவு பொதுவாகப் பாதுகாப்பானது. நகர்த்தப்படும் பேஜ்களுக்குப் போய்ச் சேர இடம் வேண்டும் என்பதையும் மறக்கிறார்கள். 16 ஜிபியைக் காலி செய்ய வேண்டுமென்றால் மிச்ச மெமரியில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூவபிள் ஜோனுக்குள் இருந்தாலும் நகராத பேஜ்கள் உண்டு. யாராவது ஒரு பேஜைத் தற்காலிகமாக நகரவிடாமல் பூட்டி (pin செய்து) பிடித்திருந்தால் கெர்னல் விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், எழுதிய கட்டளை திரும்பி வராமல் தொங்கும். டைம்அவுட் போட்டு ஓட்டுங்கள், நேரம் முடிந்து சிக்னல் வந்தால் கெர்னல் முயற்சியை விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இனி கெர்னலுக்குள் எழுதுகிறவர்களுக்கு. நான் சில வருடங்களுக்கு முன் பேஜ்களை வரிசையாக நடந்து எண்ணிக்கை எடுக்கும் ஒரு சின்ன மாட்யூல் (கெர்னலோடு சேர்த்து ஏற்றும் நிரல்) எழுதினேன். பேஜ் எண் சரியானதா என்று பிஎஃப்என் வேலிட் என்ற ஃபங்ஷன் மூலம் கேட்டுவிட்டு, அந்தப் பேஜைப் பற்றிக் கெர்னல் வைத்திருக்கும் குறிப்பான ஸ்ட்ரக்ட் பேஜைப் படித்தேன். மாதக்கணக்கில் நன்றாக ஓடியது, ஒரு பிளாக்கை ஆஃப்லைன் செய்த அன்று இயந்திரமே விழுந்தது. அந்தக் கேள்வி ஸ்ட்ரக்ட் பேஜ் என்ற இடம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்கிறது, அதில் இருப்பது நம்பத்தக்கதா என்று சொல்வதில்லை. ஆஃப்லைனான பிளாக்கின் ஸ்ட்ரக்ட் பேஜில் குப்பைகூட இருக்கலாம். கேட்க வேண்டியது பிஎஃப்என் டு ஆன்லைன் பேஜ் என்ற ஃபங்ஷனிடம். அதுவும் கேட்ட அந்த நொடிக்கான பதில்தான், அடுத்த நொடியே பிளாக் போய்விடலாம். அதனால் பேஜ்களை நடந்து பார்க்கும் நேரம் முழுக்க, பிளாக் போகாமல் தடுக்கும் கெட் ஆன்லைன் மெம்ஸ் பிடித்துவைத்து, முடிந்ததும் விட வேண்டும். அன்றிலிருந்து யாருடைய குறியீட்டைப் பார்த்தாலும் முதலில் இந்த இடத்தைத்தான் தேடுகிறேன்.

நோட்டிஃபையரில், அதாவது மெமரி மாற்றங்களை டிரைவர்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டில், வரும் தவறு இதைவிட நுணுக்கமானது. ஆஃப்லைன் தொடங்கும்போது கோயிங் ஆஃப்லைன் என்று செய்தி வரும், உங்கள் டிரைவர் முடியாது என்று சொல்லலாம். யாராவது ஒருவர் மறுத்தாலோ நகர்த்தல் தோற்றாலோ கேன்சல் ஆஃப்லைன் வரும். கோயிங் வந்தவுடனேயே மெமரி போய்விட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள், கேன்சல் வந்தால் திருப்பி வைக்க எதுவும் இருக்காது. இன்னொன்று, உங்களுக்கு முன்னால் இருப்பவர் மறுத்துவிட்டால் கோயிங் உங்களிடம் வந்திருக்காது, ஆனால் கேன்சல் மட்டும் எல்லோருக்கும் வரும். எடுக்காத லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) விடுவதும், குறைக்காத எண்ணிக்கையைக் கூட்டுவதும் இங்கேதான் நடக்கிறது. நான் தயார் செய்தேனா என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்த பிறகே திருப்புங்கள்.

லாக் வரிசையும் அப்படித்தான். பயனர் ஆன்லைன் என்று எழுதும்போது முதலில் அந்தச் சாதனத்தின் லாக், அடுத்து மெமரி ஹாட்பிளக் லாக். மெமரியைச் சேர்க்கும் பாதையில் இது தலைகீழ். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். சேர்த்தாலும் நீக்கினாலும் வெளியே டிவைஸ் ஹாட்பிளக் லாக்கைப் பிடித்திருந்தால் இந்தச் சிக்கல் வராது.

சாதனத்திலிருந்து டிரைவரைப் பிரிப்பதில் தம்பிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆஃப்லைன் மறுக்கலாம், ஆனால் டிரைவரின் ரிமூவ் மறுக்க முடியாது, என்ன ஆனாலும் பிரிந்துவிடும். சாதனத்தின் மெமரியைச் சாதாரண மெமரியாகச் சேர்க்கும் டாக்ஸ் கேமெம் டிரைவரை, அந்த மெமரி ஆன்லைனில் இருக்கும்போதே பிரித்துப் பாருங்கள், அடுத்த ரீபூட் வரை இதைக் கழற்ற முடியாது என்று பதிவில் எழுதிவிட்டு அந்த முகவரிகளை அப்படியே விட்டுவிடும். முதலில் டாக்ஸ் சிடிஎல் என்ற கட்டளைக் கருவி கொண்டு ஆஃப்லைன் செய்யுங்கள், எல்லா பிளாக்கும் போனதை உறுதி செய்யுங்கள், அப்புறம் பிரியுங்கள்.

கையால் பிடுங்குவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சிஎக்ஸ்எல் (சிபியுவோடு மெமரியை இணைக்கும் ஒரு இணைப்பு முறை) மெமரி கார்டு ஸ்லாட்டில் செருகுவது போலத் தெரிவதால், யூஎஸ்பி போலச் சட்டென்று எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அறிவிக்காமல் எடுப்பதை அதன் விதிகளே ஏற்பதில்லை, முறையாகச் சொல்லிவிட்டு எடுக்கும் வழி மட்டும்தான் உண்டு. சிபியுவின் கேஷ் என்ற உள் சேமிப்பில், கார்டுக்கு இன்னும் எழுதப்படாமல் நிற்கும் தரவு அந்த கார்டோடு தொலையும். பல கார்டுகளை இன்டர்லீவ் செய்து (தரவை மாறி மாறிப் பரப்பி) ஒரே பகுதியாக்கியிருந்தால், ஒன்றை எடுத்தாலும் பகுதி முழுவதுமே சிதறும், ஏனென்றால் தரவு 256 பைட் முதல் 16 கேபி வரையிலான துண்டுகளாக எல்லாக் கார்டுகளிலும் பரவியிருக்கிறது.

சோதிக்க சர்வர் தேவையில்லை. க்யூஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் ஸ்லாட்டும் மேக்ஸ்மெம்மும் கொடுத்து ஒரு பிசி டிம் (போலி மெமரி கார்டு) சேர்த்தால் போதும், இருக்கிற மடிக்கணினியிலேயே நடக்கும். அதை நீக்க டிவைஸ் டெல் கொடுத்தவுடன் கட்டளை திரும்பிவிடும், அது விருந்தினர் கெர்னலிடம் (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் கெர்னல்) கேட்டாயிற்று என்பதற்கான அடையாளம்தான். டிவைஸ் டெலிட்டட் நிகழ்வு வரும் வரை அந்த மெமரி அங்கேயே இருக்கிறது. லாக் வரிசைத் தவறைப் பிடிக்கும் லாக்டெப், மெமரித் தவறைப் பிடிக்கும் கேசான் இரண்டையும் இயக்கி, பின்னால் பளுவான வேலை ஒன்றை ஓடவிட்டு, ஆஃப்லைனும் ஆன்லைனுமாக இரவு முழுக்கச் சுற்றவிடுங்கள். வெற்றிப் பாதையை மட்டும் சோதித்து நிறுத்தாதீர்கள். மெமரி நோட்டிஃபையர் எரர் இன்ஜெக்ட் என்று கெர்னலிலேயே ஒரு மாட்யூல் இருக்கிறது, கோயிங் ஆஃப்லைனில் வேண்டுமென்றே பிழையைக் கொடுக்கும். அதை ஏற்றி, ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் உங்கள் டிரைவர் பழையபடி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.