சிக்லிட் தொட்டிக்கு மணல் தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் குளம் வற்றி முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும்போது, கரையோரச் சேற்றில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அழுத்தியதைப் போல வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிவதைத் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். ஆண் ஜிலேபி கெண்டை, முட்டையிட வரும் பெண் மீனுக்காக வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய குழிகள் அவை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மலாவி ஏரி மீன்களும் ஆஸ்கரும் ஃப்ளவர்ஹார்னும் ஏஞ்சலும் அதே குடும்பத்தவை. இவற்றுள் பெரும்பாலானவை மண்ணைக் கிளறாமல் இருப்பதில்லை. மீன் நாள் முழுவதும் வாயில் எடுத்துப் புழங்கப்போகும் ஒரு பொருளை, அறையின் சுவருக்குப் பொருந்துகிற நிறமா என்று மட்டும் பார்த்து வாங்குவதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

ஆனால் நிறத்துக்கும் முன்னதாக நிகழும் தவறு ஒன்று உண்டு; அது வீட்டுத் தண்ணீரைச் சோதிக்காமலேயே மணலை முடிவு செய்வது. சிக்லிட் என்றாலே சுண்ணாம்புச் சத்துள்ள மணல்தான் வேண்டும் என்ற அறிவுரை காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அது கிழக்கு ஆப்பிரிக்க ஏரி மீன்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. மலாவி ஏரியின் பி.எச். (நீரின் அமில, கார இயல்பைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழ் அமிலம், மேல் காரம்) ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரையிலும், டாங்கனிக்கா ஏரியினுடையது 9-ஐ ஒட்டியும் இருக்கும். தென்னமெரிக்காவின் டிஸ்கஸோ, அமில இயல்புள்ள, கால்சியம் போன்ற உப்புகள் குறைந்த மிக மென்மையான நீரில் வாழும் சிக்லிட். ஒரே குடும்பம் என்பதால் இருவகைக்கும் ஒரே மணலைப் போட முடியாது. மேலும், சுண்ணாம்பு மணலுக்குள்ள ஆற்றலையும் நாம் மிகையாக எண்ணிக்கொள்கிறோம். கால்சியம் கார்பனேட் நீர் அமிலப் பக்கம் சாயும்போதுதான் கரைகிறது, பி.எச். 8-ஐத் தாண்டிய நீரில் அது கரைவது மிகக் குறைவு. பி.எச். சரிந்துவிடாமல் தாங்குவதே அதன் வேலை.

டெல்டாவின் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறுவது. ஆற்றங்கரை ஊர்களின் ஆழம் குறைந்த கிணறுகளில் நல்ல நீர் கிடைக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் நோக்கிப் போகப் போக ஆழ்குழாய் நீரில் உப்பு ஏறும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் பொருக்குப் படிகிறதென்றால், அந்தத் தண்ணீரில் கால்சியம் போதுமான அளவு இருக்கிறது என்றே கொள்ளலாம். அத்தகைய வீட்டில் மலாவி மீன் வளர்ப்பவருக்குச் சாதாரண ஆற்று மணலே போதும். அங்கே சுண்ணாம்பு மணலுக்குச் செலவழிப்பது வீண். மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ ஊற்றுபவருக்குத்தான் அது உண்மையில் தேவைப்படுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். வண்ண மீன் கடைகளில் பைகளில் தொங்கும் பளிச்சென்ற வெள்ளைக் கற்கள் பல நேரங்களில் சலவைக்கல் சில்லுகளாக இருக்கும். சலவைக்கல் என்பதும் கால்சியம் கார்பனேட்தான். இதை அறியாமல், மழைநீர் கலந்து பக்குவப்படுத்திய என் ஏஞ்சல் தொட்டியில் பத்துக் கிலோ வெள்ளைக்கல்லைக் கொட்டிவிட்டு, மென்மையாக இருந்த நீர் ஏன் வாரந்தோறும் கடினமாகிறது என்று மூன்று மாதம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். நீலம், இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோண்டும் மீனின் வாயில் உரசி உரசிப் பூச்சு உரியும். வெண்மணல் மேல் சிக்லிட்டுகள் தம் நிறத்தை வெளிறச் செய்துகொள்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். மங்கிய பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ உள்ள மணலில்தான் அவற்றின் நிறம் எடுத்துக் காட்டும்.

எந்த மணலானாலும் கல்லானாலும் வாங்கும் முன் ஒரு பிடியைக் கேட்டு வாங்கிச் சோதித்துவிடலாம். அதை நன்கு உலர்த்தி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பி, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டைக் காதருகே கொண்டுசெல்ல வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் கண்ணுக்குக் குமிழி தெரியும் முன்பே மெல்லிய பொரியும் ஓசை கேட்கும். வெறும் படிக (குவார்ட்ஸ்) மணலில் எதுவும் நிகழாது. ஆங்காங்கே ஓரிரு இடத்தில் மட்டும் குமிழி எழுந்தால் அது சிப்பித் துணுக்கு. வினிகர் வலுக்குறைந்த அமிலம் என்பதால் குமிழி வராததையே முடிந்த முடிவாகக் கொள்ளவும் கூடாது. ஐயம் தீராதவர்கள் ஒரு வாளியில் ஆர்.ஓ. நீருடன் மணலைப் போட்டு, முதல் நாளும் ஒரு வாரம் கழித்தும் கடினத்தன்மையை அளந்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று முடிவானவர்கள் செய்யும் தவறு, பவளத் துண்டுகளைத் தேடிப் போவது. பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். நமக்கு அதன் தேவையும் இல்லை. சுண்ணாம்பு நீற்றுவதற்காகக் கடலோரத்தில் சேர்க்கப்படும் கிளிஞ்சல் அதே வேலையைச் செய்யும். ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்: காளவாயில் ஏற்றாத பச்சைக் கிளிஞ்சலாகப் பார்த்து வாங்க வேண்டும். சுட்ட கிளிஞ்சல் நீரில் பட்டால் கொதித்து நீறும். அதில் ஒரு கைப்பிடியே பி.எச்.ஐ மீன் தாங்காத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். கிளிஞ்சலை உடைத்துத் தரையில் பரப்பாமல், ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைப்பதே என் வழக்கம். உடைந்த விளிம்பு மீனின் வாயைக் கிழிக்காது. வேண்டாதபோது எடுத்துவிடவும் முடியும்.

மணல் எங்கிருந்து வருகிறது என்பதில் இந்தப் பகுதிக்கே உரிய சில பொறிகள் உண்டு. தரங்கம்பாடிக்கோ வேளாங்கண்ணிக்கோ போய்வரும்போது கடற்கரை மணலை ஒரு பையில் கட்டி எடுத்து வருவது முதலாவது. உப்பும் சிப்பித் துகளும் நிறைந்த அந்த மணல் டிஸ்கஸுக்கு ஆகாது, கடற்கரையில் மணல் எடுப்பதும் விதிகளுக்குப் புறம்பானது. வாய்க்கால் மணல் பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் வயல்களின் உரமும் பூச்சிமருந்தும் வடிந்து சேரும் இடம் வாய்க்கால். காவிரி, கொள்ளிடம் மணல் பெரும்பாலும் படிகக் கல்லின் பொடி என்பதால் சிக்லிட்டுக்கு அருமையாகப் பொருந்தும். என்றாலும் ஒரு வாளிதானே என்று ஆற்றில் இறங்கி அள்ளுவது சட்டப்படி சரியல்ல. உறவினர் வீட்டில் கட்டட வேலை முடிந்து மீந்த முறையான ஆற்று மணல் இரண்டு சட்டி கிடைத்தால் அதுவே பாக்கியம்.

இப்போது கட்டட வேலைகளில் பெரும்பாலும் எம்-சாண்டுதான் மீந்து கிடக்கிறது. அதை நம்பி ஏமாறக் கூடாது. பாறையை உடைத்துச் செய்யும் அதன் மணிகளுக்குக் கூர்முனை உண்டு, கூடவே கல் தூசியும் இருக்கும். மண்ணை வாயில் எடுத்து, இரையைப் பிரித்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே வெளியேற்றும் ஜியோஃபேகஸ் போன்ற மீன்களுக்கு — பெயருக்கே மண் தின்னி என்றுதான் பொருள் — அது செவுளைத் தேய்க்கும் உப்புத்தாள். ஆற்று மணல் கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது, குடிநீர் சுத்திகரிப்பு ஆலைகளின் வடிகலன்களில் நிரப்பும் சலித்த சிலிக்கா மணல். நீர் சுத்திகரிப்புச் சாமான்கள் விற்கும் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். மணிகள் ஒரே அளவில் இருக்கும்.

மணியின் அளவில் இருபுறமும் தவறலாம். மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஜல்லியாக இருந்தால் தீனித் துகள் இடுக்கில் இறங்கி மீனுக்கு எட்டாமல் அழுகும். மாவுபோல் நுண்மையாக இருந்தாலோ மீன் தோண்டும்போதெல்லாம் மேலெழுந்து ஃபில்டர் மோட்டாரின் காற்றாடியைத் தேய்க்கும். கொத்தனார் பூச்சு மணல் சலிக்கும் சல்லடையில் கீழே விழுந்து, பின்பு மாவுச் சல்லடையில் மேலே நிற்பதை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரியான அளவு கிடைக்கும். சலிக்கும் முன் மணலை நனைத்துக்கொள்ள வேண்டும். சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு.

எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடாமல் வாங்குவோரும் பலர். நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உள்ள தொட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கன அடி மணல், அதாவது சுமார் 45 கிலோ வேண்டும். அதற்குமேல் ஆழமாகப் போட்டால் அடியில் காற்றுப் புகாமல் இறுகி, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். பாறைகளை மணலின் மேல் அடுக்குவது இதைவிட ஆபத்தான தவறு. மீன் ஒரே இரவில் பாறையின் கீழுள்ள மணலை வெளியே தள்ளிவிடும். பாறை சரிந்தால் மீனும் போகும், கண்ணாடியும் போகும். முதலில் வெறும் அடிக்கண்ணாடியில் மெல்லிய தெர்மக்கோல் விரித்துப் பாறைகளை நிறுத்திவிட்டு, சுற்றிலும் மணலைக் கொட்ட வேண்டும். மணலுக்கடியில் தட்டு வைக்கும் ஃபில்டரும் தோண்டும் மீன்களிடம் பயன்படாது. தட்டு வெளியே தெரியும்வரை அவை ஓய்வதில்லை.

நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் டாங்கனிக்காவின் சின்னஞ்சிறு சிக்லிட்டுகள் மட்டும் இரண்டு அங்குலக் கணக்குக்கு விலக்கு. அவை ஓட்டைப் பாதி புதைத்துக்கொள்ள ஆழமான நுண்மணல் கேட்கும். அதற்கென்று விலை கொடுத்து ஓடு வாங்க வேண்டியதில்லை. நம் வயல் வரப்புகளில் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் நத்தை ஓடுகளே போதும். உள்ளே சதை ஒட்டியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து, கொதிக்கவைத்து, சில நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும்.

கடைசியாக, மணலை எந்தச் சோப்பும் இல்லாமல், வாளியில் ஊற்றும் நீர் தெளிந்து வழியும்வரை அலச வேண்டும். வண்டல் கலந்த மணலுக்கு இருபது முறைகூட ஆகலாம். மீன் இருக்கும் தொட்டியில் பழைய மணலை மாற்ற நேர்ந்தால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன என்பதால், ஒரு பாதியை எடுத்துப் புதியதை இட்டு, மூன்று நான்கு வாரம் அம்மோனியாவை அளந்து பார்த்த பின்பே மறுபாதியில் கைவைக்க வேண்டும்.