கார் சஸ்பென்ஷன் மாத்தும்போது சொகுசும் போகாம கன்ட்ரோலும் இருக்கணும்னா எப்படி பாத்து வாங்கறது

வளைவுல வண்டி சாயுது, வேகமா போனா மிதக்குது, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா ரெண்டு மூணு தடவ ஆடிட்டுதான் நிக்குது. உடனே நம்மாளுங்க எல்லாரும் "கொஞ்சம் டைட்டா ஒரு செட் போட்டுட்டா சரியாயிடும்"னுதான் யோசிப்பாங்க. அங்கதான் காசு வீணாகுது. அந்த வண்டில குறைஞ்சது டைட் இல்ல, ஆட்டத்த அடக்குற சக்தி.

ஸ்ப்ரிங் வண்டி எடைய தாங்கும், எவ்ளோ அமுங்கணும் எவ்ளோ சாயணும்ங்கறத பெரும்பாலும் அதுதான் முடிவு பண்ணும். அமுங்கின ஸ்ப்ரிங் திரும்ப எகிறும்போது, தனக்குள்ள இருக்க ஆயில சின்ன ஓட்டை வழியா தள்ளி அந்த ஆட்டத்த அடக்குறது ஷாக் (ஷாக் அப்சார்பர்). சாதாரண ஃபேமிலி கார்ல பாடி வினாடிக்கு சுமார் 1லருந்து 1.5 தடவ ஆடுற அளவுக்குத்தான் ஸ்ப்ரிங் போட்டிருப்பாங்க, உடம்புக்கு ஒத்துக்கற வேகம் அது. ஸ்ப்ரிங் மட்டும் டைட்டா மாத்தி பழைய ஷாக்க அப்படியே விட்டீங்கன்னா ஆட்டம் இன்னும் வேகமாகும், அடக்க ஆளும் இருக்காது, சொகுசும் போச்சு கன்ட்ரோலும் போச்சு.

அதனால பார்ட்ஸ் தேடறதுக்கு முன்னாடி வண்டிக்கு கீழ ஒரு தடவ பாருங்க. ஷாக் மேல லேசா ஈரப்பசை மாதிரி இருந்தா பயப்பட வேணாம், ஆயில் வழிஞ்சு தூசியோட சேர்ந்து கீழ வரைக்கும் அப்பியிருந்தா அது முடிஞ்சு போன கேஸ். டயர் மேல கைய வச்சு தடவினா மேடு பள்ளமா தட்டுப்பட்டாலும் ஷாக் மேல சந்தேகப்படலாம். லோயர் ஆர்ம் புஷ் (வீல பிடிக்கற கீழ் கையோட மூட்டு ரப்பர்), ஸ்டெபிலைசர் லிங்க் (சாய்வ குறைக்கற பார இணைக்கற சின்ன கம்பி), ஸ்ட்ரட் டாப் மவுண்ட் (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட் மேல பாடியோட சேர்ற இடம்) இதெல்லாம் போயிருந்தா புது ஷாக் போட்டும் டொக் டொக்னு சத்தம் வரும், ஸ்டியரிங்கும் தளதளன்னு இருக்கும். அப்புறம் டயர் காத்து. கம்பெனி சொன்ன பிரஷர விட அதிகமா அடிச்சுட்டு, இல்லன்னா பெரிய அலாய் வீல் மெல்லிசு டயர் போட்டுட்டு "சஸ்பென்ஷன் குத்துது"ன்னு சொல்றவங்க நிறைய பேரு, அவங்களுக்கு எந்த ஷாக்கும் உதவாது.

சரி, ஷாக்குக்கு வருவோம். ரெண்டு வகை. ட்வின் ட்யூப்ல குழாய்க்குள்ள குழாய், கேஸ் பிரஷர் கம்மி, சின்ன சின்ன மேடெல்லாம் மெத்துனு போகும், நிறைய கார்ல கம்பெனிலயே வர்றது இதுதான். மோனோ ட்யூப்ல ஒரே குழாய், உள்ள கேஸ் பிரஷர் ரொம்ப அதிகம், ஆயில் சூடானாலும் நுரைக்காம பிடி விடாம நிக்கும், ஆனா மெதுவா போகும்போது ரோட்டோட சொரசொரப்பு கொஞ்சம் உள்ள தெரியும். தினம் ஓட்டற வண்டிக்கு, பாதி நேரம் குடும்பத்தோட போற வண்டிக்கு, நல்ல ட்வின் ட்யூப் போதும்ங்கறதுதான் என் கருத்து. கேஒய்பி எக்ஸெல்-ஜி, பில்ஸ்டைன் பி4 எல்லாம் கம்பெனி அளவுக்கு திரும்ப கொண்டு வர்ற ரகம். பில்ஸ்டைன் பி6 கம்பெனியோட வந்த அதே ஸ்ப்ரிங்கோட போடற டைட் ஷாக், பி8 உயரம் இறக்கின வண்டிக்குன்னு நீளம் குறைச்சது, இத மாத்தி வாங்கிடாதீங்க. சொகுசும் வேணும் பிடியும் வேணும்னு அடம் பிடிக்கறவங்க கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் பாக்கலாம், வேகமா வர்ற சின்ன அதிர்வுக்கு தனி வால்வு திறந்து இளகும், பாடி மெதுவா சாயும்போது இறுகும். உங்க மாடலுக்கு கிடைக்குதான்னு முதல்ல பாருங்க.

ஸ்ப்ரிங் உடையல, வண்டி ஒரு பக்கம் தொங்கலன்னா அத தொடவே வேணாம். வண்டி உயரத்த குறைக்கற லோயரிங் ஸ்ப்ரிங்ல ஒரு சிக்கல் இருக்கு, 30 எம்எம் இறக்கினா பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது முட்டற ரப்பர்) வரைக்கும் இருக்க இடமும் ஏறக்குறைய அவ்ளோ குறையும், அப்போ வளைவுல லோடு ஏறும்போது வண்டி ரப்பர்ல போய் முட்டும், அந்த நொடில சஸ்பென்ஷன் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடும், மேடு பள்ளம் இருக்க வளைவா இருந்தா டயர் ரோட்டுலருந்து துள்ளும். பாக்க கெத்தா இருக்கும், அவ்ளோதான். காயில் ஓவரும் (உயரத்த மாத்திக்கற மாதிரி ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த செட்) ரேஸ் டிராக்குக்கு போறவங்களுக்கு சரி, தினம் ஆபீஸ் போற வண்டிக்கு எதுக்கு?

சாய்வு மட்டும்தான் பிரச்சனைன்னா கொஞ்சம் தடிமனான ஸ்டெபிலைசர் பார் (ரெண்டு பக்க வீலையும் இணைச்சு சாய்வ குறைக்கற கம்பி) யோசிங்க. ரெண்டு வீலும் ஒண்ணா ஏறி இறங்கற மேட்டுல அது குறுக்க வராது, ஒரு வீல் மட்டும் பள்ளத்துல இறங்கும்போதுதான் குலுக்கல் கூடும். முன்னாடி மட்டும் ரொம்ப தடிமனா போட்டா வளைவுல வண்டி திரும்ப மறுக்கும்.

மாத்தும்போது ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, முன்னாடின்னா ரெண்டும், பின்னாடின்னா ரெண்டும். டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் கூடவே புதுசு வாங்கிடுங்க, திரும்ப அதே வேலைய பிரிச்சு பண்ண லேபர்தான் தண்டம். ஸ்ட்ரட்ட பிரிக்கறதுக்கு ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர் வேணும், அது இல்லாம நடு நட்ட கழட்டினா ஸ்ப்ரிங் எகிறி ஆள அடிச்சிடும். மெக்கானிக் பக்கத்துல நின்னு ரெண்டு விஷயம் மட்டும் கவனிங்க. பிஸ்டன் ராட (ஷாக்குக்குள்ள போய் வர்ற கம்பிய) ப்ளையர் போட்டு பிடிக்கறாரான்னு பாருங்க, அதுல ஒரு கீறல் விழுந்தா சீல் கிழிஞ்சு ஆயில் ஒழுக ஆரம்பிச்சிடும். அடுத்து, ஆர்ம் புஷ் போல்ட்ட வீல் அந்தரத்துல தொங்கும்போதே கடைசி டைட் வைக்கக்கூடாது, வண்டி எடை வீல்ல இறங்கின நிலைலதான் வைக்கணும். இல்லன்னா ரப்பர் முறுக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும், "புது ஷாக் குத்துது"ன்னு ஷாக்க திட்டுவீங்க. வேலை முடிஞ்ச கையோட வீல் அலைன்மென்ட்.

அட்ஜஸ்ட் பண்ற ஷாக் வாங்கியிருந்தா முழு சாஃப்ட்லருந்து ஆரம்பிங்க, பழக்கமான ஒரே ரோட்டுல ஓட்டி ஒவ்வொரு கிளிக்கா ஏத்துங்க. மேடு தாண்டினதும் வண்டி ஒரே தடவைல உக்காந்துடுச்சுன்னா அங்கயே நிறுத்திடுங்க, அதுக்கு மேல ஏத்தற ஒவ்வொரு கிளிக்குக்கும் உங்க முதுகுதான் பதில் சொல்லும்.