குறைந்த மாதிரிகளிலிருந்து ஈசிஜியை மீளமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூதூரிலோ குச்சவெளியிலோ ஒருவர் நெஞ்சில் அணிந்திருக்கும் சிறு கருவி, அவருடைய ஈசிஜியை நாள் முழுவதும் திருகோணமலை நகர வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமென்றால், மின்கலத்தைப் பெரும்பாலும் தீர்ப்பது கம்பியில்லா அனுப்புகைதான். ஆகவே, குறைந்த அளவீடுகளை மட்டும் அனுப்பி, மறுமுனையில் கணினியால் முழு அலையையும் மீளமைக்கும் முறை, ஆய்வாளர்களான டொனோஹோவும், கான்டெஸ், ரொம்பேர்க், டாவோ ஆகிய மூவரும் 2006 இல் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பின் பரவலாக ஆராயப்பட்டு வருகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்து மாணவரொருவர் இதைச் செயற்றிட்டமாக எடுத்தால், கணிதத்தில் சறுக்குவதைவிட மதிப்பீட்டில் சறுக்குவதற்கே வாய்ப்பு அதிகம்.

மாதிரியெடுப்பில் நேரும் தவறு எளிதில் விளங்கக்கூடியது. 360 ஹேட்ஸ் பதிவில், அதாவது செக்கனுக்கு 360 மாதிரிகள் கொண்ட பதிவில், பத்துக்கு ஒன்றைச் சம இடைவெளியில் வைத்துக்கொண்டால் வீதம் 36 ஹேட்ஸ் ஆகிவிடும். 18 ஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்கள் தாழ்ந்த மீடிறன்களாக மடிந்து, ஒவ்வொரு துடிப்பின் உயர்ந்த கூர்முனையான கியூஆர்எஸ் பகுதியைச் சிதைத்துவிடும். இடைவெளிகள் எழுமாறாக இருக்க வேண்டும்; அல்லது ஒவ்வோர் அளவீடும் பல மாதிரிகளின் எழுமாற்றுக் கூட்டாக இருக்க வேண்டும். இரண்டாவது முறையில் இருமுனைகளிலும் அந்த எழுமாற்று எண்களைக் கொண்ட ஒரே தாயம் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மிகவும் ஏமாற்றுவது பிஆர்டி எனப்படும் சதவீத வழு, அதாவது மீளமைப்பு வழு அலையின் அளவில் எத்தனை சதவீதம் என்ற எண். பலரும் பயன்படுத்தும் எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜித் தரவுத்தளம், பொஸ்டனில் 1975 முதல் 1979 வரை பெறப்பட்ட 48 அரைமணிப் பதிவுகளைக் கொண்டது. அதில் ஒரு மில்லிவோல்ட் 200 அலகுகளாகவும், பூச்சிய மின்னழுத்தம் 1024 என்ற எண்ணாகவும் பதிவாகியுள்ளன. அலையின் சராசரி இருபடி மூலம் 60 அலகு, மீளமைப்பு வழு 10 அலகு என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பிஆர்டி ஏறத்தாழ 16.7 சதவீதம். ஆனால் 1024 ஐக் கழிக்க மறந்து, வழுவைக் கோப்பிலுள்ள எண்களின் அளவால் அப்படியே வகுத்தால் 1 சதவீதத்துக்கும் குறைவாக வரும். 2 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ‘மிக நன்று’ என்பது வழக்கமான தரப்படுத்தல் என்பதால், பயன்படுத்தத் தகாத அலை முதல் வகுப்பில் தேறிவிடும். ஒரு கட்டுரையில் வழு நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், முதலில் இந்தக் கழித்தல் நடந்ததா என்று பார்ப்பது நல்லது.

கழித்த பிறகும் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிவிட முடியாது. சக்தியில் பெரும்பங்கு கியூஆர்எஸ் அலைக்கே உரியது. அதற்கு முன் வரும் சிறிய பி அலையின் உயரமோ பொதுவாக 0.25 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. ஐதான தீர்வை, அதாவது பெரும்பாலான குணகங்கள் பூச்சியமாக உள்ள தீர்வை, தேடும் மீளமைப்பு நெறிமுறை சிறு குணகங்களைப் பூச்சியமாக்குவதால் முதலில் மறைவது அதுவே. பி அலை காணாமற்போன தாளை வாசிக்கும் வைத்தியர், இல்லாத லயக்கேட்டைச் சந்தேகிக்கலாம். கியூஆர்எஸ்ஸை அடுத்து வரும் எஸ்டி பகுதியிலும், தாளில் ஒரு மில்லிமீற்றர், அதாவது 0.1 மில்லிவோல்ட் உயர்வுகூட மாரடைப்பைப் பற்றிய முடிவை மாற்றக்கூடும். ஆகையால் ஒவ்வொரு பகுதிக்கும் வழுவைத் தனித்தனியே கணிக்க வேண்டும். மூல அலையைக் காட்டாமல், மீளமைத்த தாளை மட்டும் வைத்தியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும்.

கணினிக் கற்றல் வழியாக மீளமைப்போர் ஒரே நபரின் துடிப்புகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துவிடுகிறார்கள். மேற்சொன்ன 48 பதிவுகள் 47 பேருடையவை. 201, 202 ஆகிய இரண்டும் ஒருவருடையவையே என்பதால், பதிவெண்ணைப் பார்த்துப் பிரிப்பதும் போதாது. இப்படிப் பயிற்றப்பட்ட கணினி வலையமைப்பு, முந்திவந்த பிறழ்துடிப்பின் இடத்தில் அழகான இயல்பான துடிப்பை வரைந்துவிடக் கூடும். படம் கண்ணுக்கு நிறைவாக இருப்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அமெரிக்க மின்வழங்கல் 60 ஹேட்ஸ். அந்த இரைச்சலை எளிய வடிகட்டியால் நீக்க வசதியாகவே 360 என்ற வீதம் தெரிவுசெய்யப்பட்டது. இலங்கையில் மின்வழங்கல் 50 ஹேட்ஸ். 360 ஐ 60 ஆல் வகுத்தால் 6 என்ற முழு எண் வரும்; 50 ஆல் வகுத்தால் 7.2 வரும். அந்த வடிகட்டியை அப்படியே இங்கு கொண்டுவந்தால் இரைச்சல் எஞ்சி, கிடைக்கும் சொற்ப அளவீடுகளையும் வீணாக்கும். திருகோணமலை வெயிலில் வியர்வையால் மின்வாய் தளரும்போது அடிக்கோடு அலைவதும் இதனோடு சேரும். பொஸ்டன் பதிவுகளில் தேறிய முறையை, இங்கு எடுத்த பதிவுகளில் மீண்டும் சோதிக்காமல் கருவியில் ஏற்றக் கூடாது.