காட்டறிவைப் படமெடுக்கிறீர்களா? செடியின் விலாசத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

பழங்குடிகள் காட்டைக் காக்கும் அறிவை ஆவணப்படுத்தப் புதிதாகக் கேமரா தூக்குகிறவர்களின் படங்களில் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஃபோகஸ், எக்ஸ்போஷர் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதனால் அவை இங்கே இல்லை. சரியாகாதவை மட்டும்.

இடத்தைக் காட்டிக்கொடுப்பது

மற்றப் பிழைகளால் கெடுவது ஒரு படம். இந்தப் பிழையால் ஒரு செடியே மலையை விட்டுப் போய்விடலாம்.

அகத்திய மலையின் காணி மக்களை நினைத்துப் பாருங்கள். 1987இல் காட்டுக்குள் போன ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாகச் சென்ற காணிகள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்றபடி நடந்தார்கள். என்ன செடி என்று கேட்டதும் சொல்லிவிடவில்லை; தயக்கத்துக்குப் பிறகே காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, 1997இல் அவர்களுக்கான அறக்கட்டளை பதிவானது. மருந்துக்காக அதன் இலைக்குத் தேவை வந்ததும் காட்டுச் செடியே பறிபோகும் என்று வனத்துறை அஞ்சியது.

அங்கே தயங்கவும், பிறகு பங்கு கேட்கவும் இடம் இருந்தது. இன்று ஒரு மூலிகைப் படத்தில் செடியின் முகம் தெளிவாக இருக்கிறது, பயன் படக்குறிப்பில் இருக்கிறது, இடம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபின் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வன உரிமைச் சட்டம், 2006, பிரிவு 3(1)(k) பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது. பரவிவிட்ட படத்தை அந்தச் சட்டம் திரும்ப அழைத்து வராது.

செய்ய வேண்டியவை இவை. காட்டுக்குள் நுழையும் முன்பே போனில் கேமராவுக்கான லொகேஷன் அனுமதியை நிறுத்துங்கள். ட்ரோன் படங்களில் இடத்தின் ஆயத்தொலைவு (ஜிபிஎஸ் எண்கள்) தானாகவே பதியும். பல போன் வீடியோக்களிலும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இருப்பிடத் தகவல் கழன்றுவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், தரம் குறையக் கூடாதென்று டாக்குமென்டாக அனுப்பி. லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போது இருப்பிடத் தகவலை நீக்கும் தெரிவை டிக் செய்யுங்கள். பிறகு வெளிவந்த கோப்பையே திறந்து ஒருமுறை பாருங்கள். வெட்டிச் சுருக்கிய படத்துக்குள், வெட்டும் முன்பிருந்த முழுப்படத்தின் சிறுபடம் தங்கிவிடுவதும் உண்டு.

ஆயத்தொலைவு பாகையில் நான்கு தசம இடம் வரை இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். ஒருவர் நேரே வந்து செடியருகே நிற்கலாம். ஒரே தசம இடம் என்றால் 11 கிலோமீட்டர். பொதுவெளிக்கு அதுவே அதிகம். உயிரினங்களைக் கண்ட இடத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிட்டால் இருப்பிடத்தை மறைக்கும் தெரிவு உண்டு. அது புள்ளியை 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ போட்டுவிடும். இவ்வளவும் செய்துவிட்டு, பின்னணியில் மலைமுகட்டின் வடிவமும் மைல்கல்லும் தெரிய விட்டால் எல்லாம் வீண். லென்ஸைத் திறந்து, f/2.8இல் பின்புலத்தைக் கரைத்துவிடுங்கள்.

துல்லியமான இடம் உள்ள கோப்பு ஒன்று இருக்கட்டும், அந்த ஊரிடம்.

தீப்பந்தத்தைப் படமெடுத்து, விட்டுவைத்த அடையை எடுக்காமல் விடுவது

நீலகிரிக் குறும்பர் தேனெடுப்பு என்றாலே கயிறு, தீப்பொறி, அந்தரத்தில் தொங்கும் மனிதர். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். காக்கும் அறிவு இருப்பது அங்கே இல்லை. மலைத்தேனீயின் ஒற்றை அடையில் தேன் மேல்மூலையில் சேரும், புழுக்கூடுகள் கீழே. முறையாக எடுப்பவர் தேன்பகுதியை அறுத்துப் புழுப்பகுதியை விட்டுவைப்பார். ஆகவே முக்காலியை ஒரே இடத்தில் வைத்து மூன்று படங்கள் எடுங்கள்: அறுக்கும் முன், அறுத்ததும், மறுநாள் வெயிலில். இரவு வேலையென்றால் ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை, ஷட்டர் 1/125 நொடி. பிளாஷ் கூடாது, வெள்ளை ஹெட்லைட்டும் கூடாது. தேனீ வெளிச்சத்தை நோக்கி வரும். சிவப்பு நிறம் அதன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சிவப்பு விளக்கு போதும். எங்கே நிற்பது என்பதைக் கயிறு பிடிப்பவர் சொல்வார்.

நெருப்பைக் குறிப்பில்லாமல் வெளியிடுவது

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் வைக்கும் தணிந்த தீயைத் ‘தரகு பெங்கி’ என்கிறார்கள். அது நின்றபிறகுதான் அயல் களையான உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம். வனச்சட்டத்தின் கண்ணில் அந்தத் தீ குற்றம். ஒரு முதியவர் சருகுக்குத் தீ வைக்கும் படம், முகத்தோடும் தேதியோடும் வெளிவந்தால் அவர்மேல் வழக்குப் போட அதுவே சாட்சி. முகம் வேண்டாம். ஏற்கெனவே எரிந்த தரையையும், எரியாமல் நிற்கும் மரத்தையும் எடுங்கள்.

இருளரிடம் பாம்பைப் பிடித்துக்காட்டச் சொல்வது

படம் விரித்த நல்லபாம்பின் புகைப்படம் யாரிடமும் கிடைக்கும். இருளரின் அறிவு, மண்ணில் கிடக்கும் தடத்தைப் படிப்பதில்தான். தடம் தெரிய பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும்: காலையில் வெயில் ஏறும் முன், அல்லது டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து. கேமரா நேர் மேலே, பக்கத்தில் ஓர் அளவுகோல். கேமராவிலேயே பொருத்திய பிளாஷ் தடத்தைத் தட்டையாக்கிவிடும். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பிடமிருந்து நஞ்செடுப்பதைப் படமாக்கினால், அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலை நறுக்குவதையும், சில வாரங்களில் பாம்பைக் காட்டில் திரும்ப விடுவதையும் சேருங்கள். அவை இல்லாவிட்டால் அது வெறும் வித்தை காட்டும் படம்.

செடியை வேரோடு பிடுங்கி வெள்ளைத்தாளில் வைப்பது

வேண்டாம்.

கையெழுத்தோடு நின்றுவிடுவது

படிவத்தில் கையெழுத்து வாங்குவது உங்கள் பாதுகாப்புக்கு. சம்மதம் என்பது, எடுத்த படங்களை 4×6 அங்குலத்தில் அச்சிட்டுத் திரும்ப எடுத்துப்போய், எது வெளியே போகலாம், எது கூடாது என்று அவர்களே பிரித்துத் தர வைப்பது. மூப்பரிடம் மட்டும் காட்டினால் போதாது. மூலிகை தெரிந்த பெண்களும் பார்க்க வேண்டும். உள்ளூர் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் படத்தைச் சேர்ப்பதா என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். அவர்கள் ஒதுக்கியவற்றைக் கணினியிலிருந்தும் கிளவுடிலிருந்தும் அழியுங்கள். மெமரி கார்டையும் மறக்க வேண்டாம்.