‘ஹேவ் சென்ட்’ என்பதா, ‘சென்ட்’ என்பதா: மின்னஞ்சல் எழுதுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

அலுவலக மின்னஞ்சல், பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு எழுதும் விடுப்புக் குறிப்பு, நகர மன்றத்திற்கு அனுப்பும் புகார் ஆகிய மூன்றிலும் நாம் மிகுதியாகக் கையாளும் ஆங்கில வினையமைப்பு ஒன்று உண்டு. ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்த்து எழுதும் ‘ஐ ஹேவ் சென்ட் த ஃபார்ம்’ போன்ற அமைப்பே அது. அண்மையில் நடந்த செயலுக்கும், பயன் இன்னும் நீடிக்கும் செயலுக்கும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த விளக்கம் தேர்வுக்குப் போதுமானது என்றாலும், மேற்பார்வையாளருக்கு அவசரமாகப் பதில் எழுதும் நேரத்தில் எனக்கு ஒருபோதும் கைகொடுத்ததில்லை. ஆகவே வினையைப் பற்றி முதலில் யோசிப்பதை விட்டுவிட்டு, வாக்கியத்தில் உள்ள காலச்சொல்லிலிருந்து தொடங்கும் முறையைப் பழகிக்கொண்டேன். அந்த முறையை இங்கே விளக்குகிறேன். வினைகளின் மூன்று வடிவங்களும் உங்களுக்கு ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: காலச்சொல்லைத் தேடுங்கள்

எழுதப்போகும் வாக்கியத்தில் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேஸ் அகோ’, ‘ஆன் மண்டே’, ‘இன் 2019’ போன்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ஹேவ்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை. ‘ஐ சென்ட் த ஃபார்ம் யெஸ்டர்டே’ என்று வினையின் இரண்டாம் வடிவத்தை மட்டும் எழுதி நிறுத்த வேண்டும். ‘ஐ ஹேவ் சென்ட் த ஃபார்ம் யெஸ்டர்டே’ என்பது பிழை. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம் என்பதால், இந்தப் பிழை நம் காதுக்கு உறுத்தாது.

கேள்விக்கும் இதே விதிதான். ‘வென்’ என்று தொடங்கும் கேள்வி நேரத்தைக் கேட்பதால், ‘வென் டிட் யூ சென்ட் இட்?’ என்றே அமையும். ‘வென் ஹேவ் யூ சென்ட் இட்?’ என்று கேட்கக்கூடாது.

‘திஸ் மார்னிங்’ என்பது சற்றுச் சிக்கலானது. காலை பத்து மணிக்கு எழுதினால் அந்தக் காலை இன்னும் முடியவில்லை என்பதால் ‘ஐ ஹேவ் கால்ட் த கிளினிக் ட்வைஸ் திஸ் மார்னிங்’ என்பது சரி. அதே செய்தியைப் பிற்பகலில் எழுதினால் ‘ஐ கால்ட் த கிளினிக் ட்வைஸ் திஸ் மார்னிங்’ என்று மாற்ற வேண்டும். ‘திஸ் வீக்’, ‘டுடே’ ஆகியவற்றையும் இப்படியே கருதலாம்.

இரண்டாம் படி: காலச்சொல் இல்லையென்றால்

எப்போது நடந்தது என்பது முக்கியமில்லாமல், வேலை முடிந்துவிட்டது என்ற செய்தி மட்டும் போய்ச் சேர வேண்டுமானால் ‘ஹேவ்’ அமைப்பு பொருந்தும். ‘ஐ ஹேவ் பெய்ட் த ஃபீஸ்’, ‘வீ ஹேவ் ரிசீவ்ட் யுவர் ரிப்போர்ட்’ என்பன இந்த வகையைச் சேர்ந்தவை. ‘ஆல்ரெடி’, ‘யெட்’, ‘ஜஸ்ட்’, ‘சோ ஃபார்’ ஆகிய சொற்கள் முடிந்த நேரம் ஒன்றைச் சுட்டுவதில்லை. அவை இந்த அமைப்போடு இயல்பாகச் சேரும்.

‘ஆல்ரெடி’ பற்றி ஒரு சொல். ‘ஐ ஈட் ஆல்ரெடி’, ‘ஹீ கோ ஹோம் ஆல்ரெடி’ என்று உணவங்காடியில் பேசுவது சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமான சிங்கிலிஷுக்கு உரிய முறை. வினையை மாற்றாமல் அந்த ஒரு சொல்லே செயல் முடிந்ததைக் காட்டிவிடுகிறது. சீன மொழி வகைகளான மாண்டரினில் ‘ல’, ஹொக்கியனில் ‘லியாவ்’ ஆகிய சொற்கள் செய்யும் வேலையை அது செய்கிறது. நல்ல ஆங்கிலம் பேசுவதற்கான இயக்கத்தை அரசு 2000ஆம் ஆண்டில் தொடங்கியும் இந்தப் பேச்சு மறையவில்லை. மறைய வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அலுவலகக் கடிதத்தில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்ற முழு வடிவத்தைத்தான் எழுத வேண்டும். அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்றும் எழுதுவார்கள், அது அவர்களுக்குப் பிழையன்று. சிங்கப்பூர்ப் பள்ளிகள் பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றுவதால், தொடக்க நிலையில் உள்ளவர் ‘ஹேவ்’ சேர்த்து எழுதிப் பழகுவதே நல்லது.

மூன்றாம் படி: தொடங்கி, இன்னும் தொடர்வது

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்கள்கூட இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் இது வசப்பட நெடுநாள் ஆனது. ‘நேற்று இரவிலிருந்து என் மகனுக்குக் காய்ச்சல் இருக்கிறது’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘மை சன் இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் லாஸ்ட் நைட்’ என்று ஆசிரியருக்கு எழுதிவிடுகிறோம். நேற்று தொடங்கி இன்றும் தொடரும் நிலைக்கு ஆங்கிலம் வெறும் நிகழ்காலத்தை ஏற்பதில்லை. ‘மை சன் ஹேஸ் ஹேட் எ ஃபீவர் சின்ஸ் லாஸ்ட் நைட்’ என்பதே சரியான வாக்கியம். ‘ஹேஸ்’, ‘ஹேட்’ இரண்டும் அடுத்தடுத்து வருவதைக் கண்டு தட்டச்சுப் பிழையோ என்று பலர் ஒன்றை நீக்கிவிடுகிறார்கள். நீக்காதீர்கள். முதலாவது துணைவினை; இரண்டாவது, ‘காய்ச்சல் இருக்கிறது’ என்ற பொருளைத் தரும் ‘ஹேவ்’ வினையின் மூன்றாம் வடிவம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: ‘லாஸ்ட் நைட்’ முடிந்துபோன நேரம் அல்லவா, முதல் படியின்படி ‘ஹேஸ்’ வரக்கூடாதே? முன்னால் நிற்கும் ‘சின்ஸ்’ என்ற சொல் அந்த நேரத்தைத் தொடக்கப் புள்ளியாக மாற்றி, அதை இன்றுவரை நீட்டிவிடுகிறது. ஆகவே காலச்சொல்லைத் தேடும்போது அதற்கு முன்னால் ‘சின்ஸ்’ இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘சின்ஸ்’ தொடக்கத்தையும், ‘ஃபார்’ நீளத்தையும் குறிக்கும்: ‘சின்ஸ் மண்டே’, ‘ஃபார் த்ரீ டேஸ்’. ‘சின்ஸ் த்ரீ டேஸ்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் இல்லை. ‘ஃபார்’ வரும் வாக்கியத்தில் வினையைத் தவறாக அமைத்தால் செய்தியே மாறிவிடும் என்பதை வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ‘ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்றால் ‘ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றோ, ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றோ எழுத வேண்டும்.

இரண்டு அமைப்புகளும் அடுத்தடுத்து வரும் இடமாக மின்தூக்கிப் புகாரைச் சொல்லலாம். ‘த லிஃப்ட் இஸ் நாட் ஒர்க்கிங் சின்ஸ் மண்டே’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘த லிஃப்ட் புரோக் டவுன் ஆன் மண்டே மார்னிங். இட் ஹேஸ் நாட் ஒர்க்ட் சின்ஸ் தென்’ என்று எழுதிப் பாருங்கள். பழுதானது திங்கட்கிழமை, அது முடிந்த நிகழ்ச்சி. இயங்காமல் நிற்பது இன்றுவரை நீளும் நிலை. தொடக்கத்தில் இப்படி இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். கை பழகிய பிறகு ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

நான்காம் படி: ‘ஹேட்’ என்பதைக் குறையுங்கள்

மரியாதையாகத் தோன்றுகிறது என்பதற்காகவோ என்னவோ, ‘ஐ ஹேட் சப்மிட்டட் த ஃபார்ம் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதும் வழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. கடந்த காலத்தில் நடந்த இரண்டு செயல்களுள் முந்தியதைப் பிரித்துக்காட்டுவதற்கு மட்டுமே ‘ஹேட்’ வேண்டும்: ‘வென் ஐ ரீச்ட் த கிளினிக், த டாக்டர் ஹேட் லெஃப்ட்’. ஒரே ஒரு செயலைச் சொல்லும்போது ‘ஐ சப்மிட்டட் த ஃபார்ம் ஆன் ஃப்ரைடே’ போதும்.

சரிபார்த்தல்

அனுப்புவதற்கு முன் தேடல் வசதியைத் திறந்து, ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றைத் தேடி, ஒவ்வொன்றும் இருக்கும் வாக்கியத்தில் காலச்சொல் என்னவென்று பாருங்கள். இலக்கணம் திருத்தும் செயலிகளைவிட இந்தத் தேடலையே நான் நம்புகிறேன், ஏனெனில் நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்களா, இன்னும் பார்க்கிறீர்களா என்பது செயலிக்குத் தெரியாது. மூன்றாம் வடிவத்தில் ஐயம் வந்தால் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் கற்போருக்கென இணையத்தில் இலவசமாக வழங்கும் அகராதிகளைப் பாருங்கள். ‘ஹேவ் வென்ட்’, ‘ஹேவ் டுக்’ என்பன போன்ற வடிவங்களை அங்கேயே ‘ஹேவ் கான்’, ‘ஹேவ் டேக்கன்’ என்று திருத்திக்கொள்ளலாம். முழு வாக்கியத்தையும் தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. விடை சரியாக வந்தாலும் அடுத்த கடிதத்திற்கு நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு ஐயங்களை இங்கே சேர்க்கிறேன். ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் ஜூரோங் சின்ஸ் ஐ கேம் டு சிங்கப்பூர்’ என்ற வாக்கியத்தில் ‘சின்ஸ்’ என்பதற்குப் பின்னால் ‘ஹேவ் கம்’ வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது. வந்து சேர்ந்தது ஒரே தடவை முடிந்த செயல் என்பதால் ‘கேம்’ என்பதே சரி. வசிப்பது மட்டுமே தொடர்கிறது.

மற்றொன்று ‘கான்’, ‘பீன்’ பற்றியது. ‘மை வைஃப் ஹேஸ் கான் டு சென்னை’ என்றால் மனைவி இப்போது இங்கில்லை. ‘மை வைஃப் ஹேஸ் பீன் டு சென்னை’ என்றால் எப்போதோ போய்த் திரும்பிவிட்டார். பெற்றோர் சந்திப்புக்கு மனைவியால் வர இயலாத காரணத்தை ஆசிரியருக்கு எழுதுகிறீர்கள் என்றால், அங்கே வேண்டியது ‘கான்’.